சிறையை உடைத்தோம், ஒழித்தோமா?

சிறை சென்றவரைச் செம்மல் எனப் போற்றும் மரபு நம் அரசியலில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. மேடையேறுபவர் எத்தனை நூல் கற்றார், எத்தனை ஏழைக்கு உதவினார் என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை ஆண்டு சிறையிருந்தார் என்பதே கேள்வி. 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தின்போது பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்ட தலைவர்களை இன்றும் வாய் மணக்கப் பேசுகின்றோம். பேசுவது தவறன்று. ஆனால் ஒன்று கேட்கின்றோம். மாலையும் மேளமுமாகச் சிறையினின்று வெளிவந்த தலைவர்களுள், தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே கிடந்த கூலியாளைப் பற்றி, பெண்கள் பகுதியில் கைக்குழந்தையோடு கிடந்த தாயைப் பற்றி, வெளியே வந்து ஒரு வார்த்தை பேசியவர் எத்தனை பேர்? தலைவர்க்குச் சிறை மேடையாயிற்று. ஏனையோர்க்கு அது சிறையாகவே இருந்தது.

"அரசியற் கைதிகளை விடுதலை செய்" என்ற முழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலிக்கின்றது. நியாயமான முழக்கம், அதனை நாம் கைவிடப் போவதில்லை. ஆயினும் அம்முழக்கத்தோடு நின்றுவிடுபவர் தம்மையறியாமலே மற்றொன்றையும் ஒப்புக்கொள்கின்றனர். எம்மவரை விடுங்கள், ஏனையோரை வைத்திருங்கள் என்பதே அது. சிறை என்ற அமைப்பு நன்று, அதனுள் அடைபட்ட ஆட்கள்தாம் பிழை என்பதே அதன் பொருள். இக்கருத்தையே நாம் இங்கு எதிர்க்கின்றோம். சிறையை உடைப்பது வேறு. சிறையை ஒழிப்பது வேறு. முன்னதைச் செய்தவர் பின்னதைச் செய்யாதபோது நேர்வது யாது என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஓட்டமாவடியிலிருந்து இருபது மைல் அளவில், மட்டக்களப்பு நகரில் நிற்கும் சிறைச்சாலையே போதுமான சான்று.

மட்டக்களப்புச் சிறையின் பாடம்

1983 யூலை 25ஆம் நாளும் 27ஆம் நாளும் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அரசின் காவலில், பூட்டிய மதில்களுக்குள், ஏனைய கைதிகளின் கைகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட கொலை அது. தப்பிப் பிழைத்தோர் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் அச்சிறை உடைக்கப்பட்டது. நாற்பது வரையிலான அரசியற் கைதிகள் வெளியேறினர். மட்டுநகர் அன்று பெருமிதம் கொண்டது. ஆனால் பெண்கள் பகுதியில் இருந்த நிர்மலா நித்தியானந்தன் அன்று விடுபடவில்லை. ஆடவர் போயினர், பெண் உள்ளே இருந்தார்.

அவர் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், நாடகக் கலையில் ஈடுபட்டவர், பெண்விடுதலைச் சிந்தனையாளர். காயமுற்ற போராளி ஒருவனுக்கு அடைக்கலம் அளித்தார் என்று 1982 நவம்பரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டவர். 1984 யூனில் விடுதலைப் புலிகள் மட்டக்களப்புச் சிறைக்குட் புகுந்து அவரை மீட்டனர். தமிழ்ப் பெண் ஒருத்தியின் விடுதலைக்காகச் சிறைக்கதவு திறந்த நாள் என்று ஊரெல்லாம் பேசிற்று. பின்னர் அவர் அவ்வியக்கத்தின் போக்கை ஏற்காது விலகினார் என்பதும் வரலாறே.

ஏழாண்டு கழிந்தது. 1991 ஓகஸ்ட் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மற்றொரு பெண் பிடித்துச் செல்லப்பட்டார். வவுனியா மாவட்டத்துச் சேமமடுவிற் பிறந்த செல்வி என்னும் செல்வநிதி தியாகராஜா அவர். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர், கவிஞர், "தோழி" என்ற பெண்கள் இதழின் ஆசிரியர், சீதனத்தையும் பாலியல் வன்முறையையும் பொருளாகக் கொண்டு நாடகம் ஆக்கியவர். 1992இல் பென் எழுத்தாளர் அமைப்பு தனது எழுத்துச் சுதந்திர விருதை அவருக்கு அளித்தது. விருது பெறும் கை சிறையிலிருந்தது. செல்வி திரும்பி வரவேயில்லை. அவரைப் பிடித்துச் சென்றவர் யார்? 1984இல் மட்டக்களப்புச் சிறைக்கதவைத் திறந்த அதே விடுதலைப் புலிகள் இயக்கத்தினர்.

இதனைப் பழைய பகையைக் கிளறும் நோக்கத்தோடு நாம் எழுதவில்லை. பாடம் ஒன்று இருக்கின்றது என்பதாலேயே எழுதுகின்றோம். சிறையை உடைத்தவர் கையில் சாவி வந்து சேர்ந்தது. பூட்டு அப்படியே இருந்தது. பூட்டும் சாவியும் இருக்குமாயின், உள்ளே தள்ளுவதற்கு ஆளைத் தேடுவது நெடுநாட் செல்லாது. அவ்வாறு தேடும்போது முதலிற் கண்ணிற்படுபவர், கேள்வி கேட்கும் பெண்ணும் உண்மையைப் பாடும் கலைஞருமே ஆவர். செல்வி இரண்டுமாக இருந்தார்.

சிங்கள மக்களேனும் இதனால் நன்மை கண்டனரா? 1983இல் தமிழரைக் கொன்ற வெலிக்கடை, 2012 நவம்பர் 9ஆம் நாள் 27 கைதிகளைப் பலிகொண்டது. 2020 நவம்பர் இறுதியில் மஹர சிறையில் 11 பேர் மாண்டனர். முந்தியதைக் கேட்பாரின்றி விட்டமையால் பிந்தியவை நிகழ்ந்தன. அன்று தமிழனைத் தின்ற சுவர் பின்னர் சிங்களவனையும் தின்றது. சுவருக்கு இனமில்லை; பசி மட்டும் உண்டு.

காப்பியம் காட்டிய வழி

சிறையை ஒழிப்பது என்றவுடன், மேனாட்டார் கண்டுபிடித்த புதுமோகம் என்று முகஞ்சுளிப்பவர் உளர். அவர்கள் தமிழ் படிக்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் பத்தொன்பதாம் காதைக்குப் பெயர் "சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை". ஆடற்குலத்திற் பிறந்த பெண்ணொருத்தி, கையில் அமுதசுரபியோடு புகார் நகரச் சிறைக்குட் புகுகின்றாள். பசித்துக் கிடந்தோர்க்கு உணவளிக்கின்றாள். செய்தி மன்னனுக்கு எட்டுகின்றது. வேண்டுவது யாது என மன்னன் கேட்கின்றான். தன் இனத்தாரை விடும்படி அவள் கேட்கவில்லை. குற்றமற்றோரை மட்டும் விடும்படியும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்குக என்றாள். மன்னன் இசைந்தான். சிறை நின்ற இடத்தில் அறவோர் பள்ளியும் அடுக்களையும் உண்ணும் சாலையும் எழுந்தன.

பெண்விடுதலை, கலை, சிறையொழிப்பு ஆகிய மூன்றும் ஒன்றே என்று காட்டும் இக்கதை நம் காப்பியத்திலேயே இருக்கின்றது. பௌத்தத்துக்கு முதன்மையான இடம் என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கும் நாடு இது. பௌத்த அறத்தைத் தழுவிய தமிழ்ப் பெண்ணொருத்தி அரசனிடம் கேட்ட வரம் யாது என்பதை ஆள்வோருக்கு எடுத்துரைக்க ஒருவரும் இல்லையா?

ஆனால் காப்பியம் அத்துடன் முடியவில்லை. இளவரசன் கொலையுண்டபின், அதே மன்னன் அதே மணிமேகலையைக் காவலில் வைத்தான். இருபத்திரண்டாம் காதையின் பெயரே "சிறைசெய் காதை". சாத்தனார் உலகறிந்தவர். கட்டடம் மாறியது, பிடித்து அடைக்கும் அதிகாரம் மாறவில்லை. அதிகாரம் மாறாதவிடத்து, சிறையை ஒழித்தவளுக்கே சிறை கிடைக்கும்.

பெண்ணைக் காக்கவா, அடக்கவா?

பெண்களைக் காப்பதற்குச் சிறை வேண்டும் என்பது பலரின் நம்பிக்கை. சட்டப் புத்தகத்தை விரித்துப் பார்ப்போம். 1841ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், தெருவில் நின்ற ஏழைப் பெண்ணைப் பிடித்து நீதிவான் முன் நிறுத்தப் பல தலைமுறைகளாகப் பயன்பட்டது. அதற்குத் துணையாக 1907இல் தடுப்பு இல்லங்களுக்கான சட்டம் ஒன்று வந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைக் கலைத்தால் மூன்றாண்டு வரை மறியல் என்கின்றது. வன்புணர்ச்சியாற் கருவுற்றவளுக்கும் விலக்கு அளிக்கவில்லை. அதே கோவைக்கு 1995இல் செய்த திருத்தமோ, நீதிமன்றம் பிரித்து வைத்தாலன்றி மனைவியைக் கணவன் வலிந்து புணர்வதை வன்புணர்ச்சி என ஏற்கவில்லை. வீட்டுக்குள் நடப்பதைக் காணச் சட்டத்துக்குக் கண் இல்லை. வீட்டுக்கு வெளியே நிற்பவளைப் பிடிக்கக் கை உண்டு.

2019 மேயில் ஹசலக்கையில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் செய்த குற்றம் யாது? அணிந்திருந்த ஆடையில் அச்சிட்டிருந்த கப்பற் சுக்கானைத் தருமச்சக்கரம் என்று பொலிசார் கண்டமையே! உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் பிள்ளைகளைக் கொன்றதற்கு, எங்கோ ஒரு மலைக்கிராமத்துப் பெண் தன் ஆடைக்காக மறியலிருந்தார். இதனாற் காப்பாற்றப்பட்டவர் யார்?

நாட்டிலுள்ள சிறைகள் தமது கொள்ளளவின் இருமடங்குக்கு மேற்பட்ட மாந்தரைத் தாங்கி வந்திருக்கின்றன. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்பே பெறாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்று உள்ளே செல்வோரிலும் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட இயலாதவர்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அம்பிகா சற்குணநாதன் முன்னின்று நடத்தி, 2020இல் வெளிவந்த சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு இந்நிலையை விரிவாக எடுத்துக்காட்டிற்று. தமிழ்ப் பெண் சட்ட அறிஞர் ஒருவர், இனம் பாராது எல்லாக் கைதிகளுக்காகவும் செய்த பணி அது. நம் அரசியல்வாதிகளில் அதனைப் படித்தவர் கையை உயர்த்துக!

கலைஞர்மேல் ஏன் இந்தச் சினம்?

2019 ஏப்ரல் முதலாம் நாள் சக்திக்க சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டு நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2020 மே 16ஆம் நாள் மன்னார் மாவட்டத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார். தமிழறியாத விசாரணையாளர் தமிழ்க் கவிதைக்குள் பயங்கரவாதத்தைக் கண்டனர். 2021 டிசெம்பரிற் பிணை. 2023 டிசெம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. பத்தொன்பது மாதங்களைத் திருப்பிக் கொடுப்பவர் யார்? அவருக்காக நம் தமிழ்ச் சங்கங்கள் எத்தனை கூட்டம் நடத்தின? தமிழுக்காகச் சிறையிருந்தவரை முஸ்லிம் என்பதால் மறந்தோமா? யூசுப் நபி குற்றமின்றிச் சிறையிருந்ததை ஓதும் நம் முஸ்லிம் சகோதரரும், தமது ஊர்ப் பிள்ளைகள் 2019இன் பின் அடைபட்டபோதுதான் அச்சட்டத்தின் முகத்தை அறிந்தனர். 1979இல் மூன்றாண்டுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982இல் நிலையாக்கிய சட்டம் அது. அன்று தமிழ் இளைஞர் அடைபட்டபோது வாளாவிருந்தோரும், 2019இல் முஸ்லிம்கள் அடைபட்டபோது வாளாவிருந்தோரும் ஒரே பிழையின் இரு பங்காளிகள்.

கலைஞரைக் கண்டு சிறை அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சிறையின் வலிமை அதன் இரும்பிலில்லை. எவரும் உள்ளே பார்ப்பதில்லை என்பதிலேயே இருக்கின்றது. கலை பார்க்க வைக்கின்றது. சந்திரகுப்த தேனுவர என்னும் சிங்கள ஓவியர், 1997 முதல் ஆண்டுதோறும் யூலைப் படுகொலையை நினைவூட்டிக் கொழும்பிற் கண்காட்சி வைத்து வருகின்றார். சோதனைச் சாவடிப் பீப்பாய்களையே கலைப்பொருளாக்கி, நாடே திறந்தவெளிச் சிறையாயிற்று என்று காட்டினார். மட்டக்களப்பில் கமலா வாசுகி, பெண்ணின் துயரையும் எதிர்ப்பையும் ஓவியமாக்கி வருபவர். போர்க்காலம் முதல் இங்கு இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், பாட்டையும் நாடகத்தையும் போராட்டத்தின் கருவிகளாக்கிற்று. ஓவியம் பணக்காரர் வீட்டுச் சுவருக்கு என்று எண்ணும் நம் கமக்காரர், ஊர்க்களரியிற் கூத்தாடி அரசனையே கேள்வி கேட்கும் மரபு தம்முடையது என்பதை நினைவுகொள்வாராக.

கடல்கடந்த நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அமெரிக்காவில் லூசியானாச் சிறையின் தனிக்கூட்டில் நாற்பதாண்டளவு அடைபட்டிருந்த கறுப்பின மனிதர் ஹேர்மன் வாலஸ். ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் கொண்ட கூட்டில் வாழ்பவர் எத்தகைய வீட்டைக் கனவு காண்பார் என்று கடிதம் எழுதிக் கேட்டார் ஜாக்கி சுமெல் என்னும் பெண் கலைஞர். வாலஸ் சொல்லச் சொல்ல, அவ்வீட்டின் வரைபடத்தையும் மாதிரியையும் அமைத்து, கூட்டின் உருவத்தோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். கண்டவர் உள்ளம் கலங்கிற்று. 2013 ஒக்டோபர் முதலாம் நாள் வாலஸ் விடுதலையானார். மூன்று நாளில் நோயால் மறைந்தார். தாமே சிறையிருந்து, 1972இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்ட ஏஞ்சலா டேவிஸ் அம்மையார், சிறைகள் காலாவதியானவையா என்று 2003இல் நூலெழுதிக் கேட்டார். நம்மிடையே அக்கேள்வி இன்னும் எழவில்லை.

காமுகனை என் செய்வது?

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். சிறையை ஒழித்தால் காமுகனையும் கொலைஞனையும் என் செய்வீர் என்று கேட்பவர் உளர். கேட்க வேண்டிய கேள்வியே. சட்டத் தொழிலில் இருக்கும் நாம் அதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவர்கள்.

1997 மே 17ஆம் நாள், அம்பாறை மாவட்டம் மத்திய முகாமில் கோணேஸ்வரி என்ற தமிழ்த் தாய் பாலியல் வன்முறைக்குப்பின் கொல்லப்பட்டார். குற்றத்தின் சான்றே எஞ்சாதபடி அவருடல் கைக்குண்டாற் சிதைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் பொலிசார். சிறைகள் இருந்தன, சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. கலா என்னும் கவிஞர் "கோணேஸ்வரிகள்" என்ற கவிதையை எழுதியபோது நம் பெரியோர் சிலர் செய்தது என்ன? கொடுமையை விட்டுவிட்டுக் கவிதையிலிருந்த சொற்களைப் பிடித்துக்கொண்டனர். பெண்ணைச் சிதைத்த செயல் ஆபாசமாகத் தோன்றவில்லை; அதைச் சொன்ன சொல் ஆபாசமாகத் தோன்றிற்று!

தண்டிக்கப்பட்டோர் கதை யாது? மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு சிறுவர் உட்பட எட்டுப் பேரைக் கொன்றமைக்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவத்தானை, 2020 மார்ச்சில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னித்து வெளியே விட்டார். கொழும்பில் 2005இல் இளம் பெண்ணொருத்தியைக் கொன்றவனைச் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2019 நவம்பரில் மன்னித்தார். பெண்கள் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் சென்று, அம்மன்னிப்புச் செல்லாது என 2024 யூனிலேதான் தீர்ப்புப் பெற முடிந்தது. அப்பெண்கள் போராடியது சரியே. கணக்குக் கேட்கும் உரிமையை எவரும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க. வலியவனுக்குச் சிறையில் உட்புறமும் ஒரு வாயில் உண்டு. எளியவனுக்கே அது சுவர். காமுகனை அடைப்பதற்காக வைத்திருக்கின்றோம் எனும் சிறையில், அடைபட்டிருப்பவர் பெரும்பாலும் அவனல்லர்.

பெண் வேண்டுவது யாது? தன்மேல் மீண்டும் கை படாதிருத்தல். நடந்த உண்மை ஊரறிய ஒப்புக்கொள்ளப்படல். தானும் பிள்ளைகளும் வாழ வழி. இம்மூன்றில் எதனையும் சிறை தருவதில்லை. 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிப்பவனை விலக்கிவைக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதிவான் ஓராண்டு வரைக்கும் வழங்க இடமளிக்கின்றது. பெண்ணைக் காப்பதற்குப் பிறந்த சட்டம் இதுவே. அதனைக் கேட்டு வரும் பெண்ணுக்குத் தங்க இடமும் பேச வழக்கறிஞரும் உண்ணச் சோறும் ஊரில் இருந்தால், ஆயிரம் சிறைக்கூடு செய்யாததை அது செய்யும். தொடர்ந்து பிறருயிர்க்குக் கேடு சூழ்பவனை விலக்கிக் காக்க வேண்டிய நிலை வரலாம், அதனை மறுக்கவில்லை. அந்த ஒருவனைக் காட்டி ஆயிரம் ஏழைகளை அடைப்பதையே மறுக்கின்றோம்.

கமக்காரர் அறிந்த நியாயம்

மாடு வேலி பிரித்து வட்டைக்குள் இறங்கி வேளாண்மையைத் தின்றுவிட்டால் நம் கமக்காரர் என் செய்வர்? வட்டைவிதானையை அழைப்பர், அழிவை மதிப்பிடுவர், மாட்டுக்காரன் ஈடு கொடுப்பான், வேலி மீண்டும் கட்டப்படும். மாட்டுக்காரனைக் கூட்டிலடைத்தால் தின்ற நெல் திரும்பி வராது என்பது எவர்க்கும் விளங்கும். இழந்ததை ஈடுசெய், வேலியைச் சீர்செய் என்பதே உழவர் நியாயம். இதனையே உலகத்துச் சிறையொழிப்பாளர் பெரிய நூல்களில் எழுதுகின்றனர்.

ஆயினும் பழையதெல்லாம் பொன் என்று நாம் மயங்கவில்லை. வட்டைக் கூட்டத்திற் போடியார் சொல்லே நெடுங்காலம் சட்டமாக இருந்தது. பெண்ணுக்கு அங்கே பாயும் இல்லை, வாயும் இல்லை. அடிபட்டு வந்தவளைச் "சமாதானமாகப் போ" என்று அடித்தவனிடமே திருப்பியனுப்பும் மத்தியஸ்தம், சிறையைவிடக் கொடிய சிறை. ஆகவேதான் பெண்விடுதலையின்றிச் சிறையொழிப்பு இல்லை என்கின்றோம். 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடியபோது, உலக்கையோடு தெருவில் இறங்கித் தடுக்க முனைந்தவர் மட்டக்களப்புத் தாய்மார். 2022இல் நீதி கேட்டு மட்டுநகர் வீதியில் நாள்தோறும் பாடி நடந்தவரும் பெண்களே. ஊர்க்கூட்டத்தின் நடுப்பாய் அவர்களுக்குரியது.

செய்ய வேண்டுவன

நாம் கேட்பவை தெளிவானவை. பயங்கரவாதத் தடைச் சட்டம் அடியோடு நீங்க வேண்டும். நீக்குவோம் என்று வாக்களித்தே 2024இல் ஆட்சிக்கு வந்தனர். பெயரை மாற்றி மற்றொன்றைக் கொண்டுவருவது நீக்கமாகாது. 2021 மே 18ஆம் நாள், நமக்கு அயலிலுள்ள கிரான் கடற்கரையில் மாண்டோரை நினைந்தமைக்காகப் பத்துப் பேர் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்ததை நாம் மறக்கவில்லை. தண்டப்பணம் கட்ட இயலாமைக்காக எவரும் மறியல் செல்லலாகாது. 1999ஆம் ஆண்டுச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் அதற்கு மாற்று வழியை முன்னரே காட்டியிருக்கின்றது. பெண்ணுடலைக் குற்றமாக்கும் 1841, 1883, 1907ஆம் ஆண்டுகளின் விதிகள் ஏட்டினின்று மறைய வேண்டும். எழுதியதற்கும் வரைந்ததற்கும் ஆடியதற்கும் சிறை என்பது இலங்கையில் இனி இருக்கலாகாது. செல்வி போன்றோர்க்கு நேர்ந்தது என்ன என்ற உண்மை, செய்தவர் எவராயினும், வெளிவர வேண்டும்.

கற்றவர்க்கும் கமக்காரர்க்கும் பணி உண்டு. சட்டம் கற்றோர், பிணைக்கு ஆளின்றி மறியலிலிருப்பவர்க்காகக் கூலியின்றி நீதிமன்றம் ஏறுக. மருத்துவரும் ஆசிரியரும் பாதுகாப்புத் தேடிவரும் பெண்ணுக்கு ஊரில் ஓரில்லம் அமைக்க முன்வருக. அறுவடைக் காலத்தில் ஊர்க்கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நெல் அளக்கும் கமக்காரர், அவ்வில்லத்துக்கும் ஒரு மூடை அளக்க. மணிமேகலை முதலிற் சோறிட்டாள். பின்னரே வரம் கேட்டாள். அந்த வரிசை தற்செயலன்று. பசியையும் அச்சத்தையும் அகற்றுந்தோறும் சிறை தன் இரையை இழக்கின்றது. இரையிழந்த சிறை இடிவதற்குப் பீரங்கி வேண்டுவதில்லை.

ஓட்டமாவடிப் பாலத்தின் இக்கரையிலும் அக்கரையிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பிள்ளை அடைபட்டபோது மற்றவர் மௌனம் காத்த காலம் போதும். சாவி ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறுவதை விடுதலை என்று எவர் சொன்னாலும் நம்பாதீர். மாறியது சாவியா, பூட்டா என்று கேளுங்கள்! பூட்டு இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்!